'பி' என்றால் வலியா? - ஒரு பொடியின் வரலாறு

பச்சை மிளகாய் நறுக்கிய கையால் தெரியாத்தனமாகக் கண்ணைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண் எரியும், சிவக்கும், இமை வீங்கும், தண்ணீர் கொட்டும்.

எரிச்சல் நரம்பின் வேலை, சரி. ஆனால் சிவப்பதும் வீங்குவதும் யாருடைய வேலை? மிளகாய் கண்ணை வெட்டவில்லை, சுடவில்லை, கிருமி எதையும் கொண்டு வரவில்லை. பிறகு ஏன் அடிபட்ட இடம் மாதிரி அது வீங்க வேண்டும்?

இந்தச் சின்னக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த விடையை நம்பி மருந்துக் கம்பெனிகள் பெரும் பணத்தைக் கொட்டின, தோற்றன, பிறகு வேறொரு வழியில் ஜெயித்தன. நடுவில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து எல்லோரையும் கொஞ்சம் ஏமாற்றியும் விட்டது. அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு சின்ன அறிமுகம்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த நீளமான மாலை. அதே மணிகளைக் கொஞ்சமாகக் கோத்தால் கிடைக்கும் குட்டி மாலைக்குப் பெப்டைடு என்று பெயர். நரம்பு செல்கள் செய்தி சொல்வதற்காக வெளியே விடும் குட்டி மாலைகள்தான் நியூரோபெப்டைடுகள். ஐந்தே மணிகள் கொண்டதும் உண்டு, நாற்பதுக்குக் கிட்ட உள்ளதும் உண்டு. செல்களின் மேல் 'ஏற்பி' என்ற பூட்டுகள் இருக்கின்றன. தனக்குரிய பூட்டில் போய் உட்கார்ந்ததும் இந்தப் பெப்டைடு தன் வேலையைக் காட்டும். ரத்தக் குழாயை விரிக்கும், குடலைச் சுருக்கும், வலிச் செய்தியை மேலே அனுப்பும், அல்லது அதை அடக்கும்.

இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நியூரோபெப்டைடுகள் தெரியும். 1931-ல் இந்த வார்த்தைகூடக் கிடையாது.

குதிரைக் குடலில் கிடைத்த பொடி

ஒரு நரம்பு அடுத்த செல்லுக்கு எப்படிச் செய்தி சொல்கிறது? மின்சாரத்தாலா, ரசாயனத்தாலா? இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இது பெரிய சண்டை. ரசாயனக் கட்சியின் தலைவர்களில் ஒருவர் லண்டனில் இருந்த ஹென்றி டேல். அவருடைய ஆய்வகத்துக்கு 1930-ல் ஸ்வீடனிலிருந்து ஒரு இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் உல்ஃப் வான் ஆய்லர், வயது 25. அவருடைய அப்பா ஹான்ஸ் வான் ஆய்லர் 1929-ல்தான் வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கியிருந்தார். பெரிய வீட்டுப் பிள்ளை!

அங்கே ஜான் காடம் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர் செய்த வேலை, விலங்குகளின் திசுக்களில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தேடுவது. குதிரையின் குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் சாறு எடுத்து, தனியாக எடுத்து வைத்த முயல் குடல் துண்டின் மேல் அதை விட்டுப் பார்த்தார்கள். குடல் சுருங்கியது. அசிட்டைல்கோலினும் இதைச் செய்யும் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அட்ரோபின் என்ற மருந்தைக் கொடுத்தால் அசிட்டைல்கோலின் அடங்கிவிட வேண்டும். கொடுத்துப் பார்த்தார்கள். குடல் அப்போதும் சுருங்கியது!

ஆக, சாற்றில் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. முயலுக்கு ஊசியாகப் போட்டால் அது ரத்த அழுத்தத்தையும் இறக்கியது. 1931-ல் இருவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சாற்றைக் காய வைத்துச் செய்த பொடியை அவர்கள் 'பி' என்ற எழுத்தால் குறித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் பொடி, தயாரிப்பு இரண்டுக்குமே முதல் எழுத்து அதுதான். 1934 வாக்கில் 'சப்ஸ்டன்ஸ் பி', அதாவது 'பி என்னும் பொருள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆங்கிலத்தில் வலிக்கும் முதல் எழுத்து அதே 'பி'தான். ஆனால் பெயர் வைத்தபோது வலியைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவழிப் பாதையில் எதிரே வந்த வண்டி

நரம்புகள் தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தை வேர் என்பார்கள். பின்வேர் வழியாக உணர்ச்சிகள் உள்ளே போகும். முன்வேர் வழியாகக் கட்டளைகள் வெளியே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இது பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டது. பின்வேர் என்பது உள்ளே மட்டும் போகும் ஒருவழிப் பாதை.

ஆனால் 1901-ல் இங்கிலாந்தின் வில்லியம் பெய்லிஸ் ஒரு விசித்திரத்தைக் காட்டினார். பின்வேரைத் தூண்டினால், விலங்கின் பின்னங்காலில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன! உணர்ச்சியைக் கொண்டுபோக மட்டுமே என்று நினைத்திருந்த நரம்பு, எதிர்த் திசையிலும் எதையோ அனுப்புகிறது. ஒருவழிப் பாதையில் எதிரே வண்டி வந்த மாதிரி.

அது அனுப்புவது என்ன? 1935-ல் ஹென்றி டேல் ஒரு யோசனை சொன்னார். ஒரு நரம்பு தோலில் இருக்கும் தன் நுனியில் எந்த ரசாயனத்தை விடுகிறதோ, தண்டுவடத்தில் இருக்கும் இன்னொரு நுனியிலும் அதையே விடலாம். ஒன்றைக் கண்டுபிடித்தால் இன்னொன்றும் தெரிந்துவிடும்.

அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டவர் ஆஸ்திரியாவின் ஃப்ரெட் லெம்பெக். பின்வேரில் 'பி' நிறைய இருக்கிறது, முன்வேரில் மிகக் குறைவு என்று பார்த்த அவர், உணர்ச்சி நரம்புகளின் செய்தி ரசாயனம் இதுவாக இருக்கலாம் என்று 1953-ல் எழுதினார். குடலைச் சுருக்கும் பொடி முதன்முறையாக வலிப் பக்கம் நகர்ந்தது அப்போதுதான்.

ஹங்கேரி மிளகாய்

இந்த இடத்தில் மிளகாய் திரும்ப வருகிறது. மிளகாய் இல்லாமல் சமைக்கத் தெரியாத இன்னொரு நாடு ஹங்கேரி. 1878-லேயே அங்கே எண்ட்ரே ஹோக்யெஷ் என்பவர், மிளகாய்ச் சாறு உணர்ச்சி நரம்புகளின் மேல்தான் வேலை செய்கிறது என்று சொல்லியிருந்தார்.

1940-களின் கடைசியில் செகெட் நகரத்தில் மிக்லோஷ் யான்ச்சோ என்பவர் இன்னும் ஆழமாகப் போனார். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் விலங்குகள் முதலில் துடிக்கின்றன, பிறகு மரத்துப்போகின்றன. அதன் பின் கார எரிச்சலையே அவை கண்டுகொள்வதில்லை.

இதில்தான் முக்கியமான விஷயம் வந்தது. அப்படி மரத்துப்போன விலங்கின் தோலில் கடுகு எண்ணெய் தடவினால் வலி மட்டுமல்ல, வீக்கமும் வருவதில்லை! நரம்பை வெட்டி அது அழிந்துபோகும்படி விட்டாலும் அதே கதைதான். அப்படியென்றால் வீக்கத்தை உண்டாக்கியது கடுகு எண்ணெய் அல்ல, நரம்பு. யான்ச்சோ 1966-ல் இறந்துபோனார். அவருடைய மனைவி அவுரேலியாவும் மாணவர் யானோஷ் சோல்ச்சானியும் அந்த ஆய்வை அவர் பெயரையும் சேர்த்து 1967-ல் வெளியிட்டார்கள். 'நரம்புவழி அழற்சி' என்ற கருத்துக்கு நேரடி ஆதாரம் அந்தக் கட்டுரை.

மிளகாய்க் கண்ணின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. வலியை உணரும் நரம்பேதான் வீக்கத்தையும் கிளப்புகிறது. எதை வைத்துக் கிளப்புகிறது என்பது மட்டும் பாக்கி.

எச்சில் ஊறிய எலிகள்

'பி' கண்டுபிடித்து நாற்பது வருடமாகியும் அது என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. திசுக்களில் அது இருக்கும் அளவு அவ்வளவு குறைவு. யாராலும் சுத்தமாகப் பிரிக்க முடியவில்லை.

அதைப் பிரித்தவர் அதைத் தேடவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் சூசன் லீமன் என்ற விஞ்ஞானி, உடலின் பதற்ற ஹார்மோனைக் கிளப்பிவிடும் மூளை ரசாயனம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். மாட்டு மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து சாறு எடுத்து எலிகளுக்கு ஊசி போட்டார். எதிர்பார்த்தது நடக்கவில்லை. எலிகளின் வாயில் எச்சில்தான் வழிந்தது!

வேறு யாராவது என்றால் 'சோதனை சொதப்பிவிட்டது' என்று சாற்றைக் கொட்டியிருப்பார்கள். லீமன் அந்த எச்சிலைப் பின்தொடர்ந்தார். எச்சில் ஊற வைப்பது எது என்று மைக்கேல் சாங் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பிரித்துக்கொண்டே போனதில், 1970-ல் கையில் கிடைத்தது ஒரு பெப்டைடு. அதன் குணங்களைப் பார்த்தால், நாற்பது வருடத்துக்கு முன் லண்டனில் கிடைத்த அதே 'பி'. 1971-ல் அதன் மணி வரிசையும் தெரிந்துவிட்டது. மொத்தம் 11 அமினோ அமிலங்கள். அதே வருடம் அதைச் செயற்கையாகவும் செய்துவிட்டார்கள். லீமன் முதலில் தேடிய ரசாயனத்தை வேறொரு குழு 1981-ல்தான் கண்டுபிடித்தது என்பது தனிக்கதை.

மணி வரிசை தெரிந்ததும் வேலை வேகமெடுத்தது. 'பி' எங்கே இருக்கிறது என்று இப்போது துல்லியமாகப் பார்க்க முடிந்தது. மெல்லிய வலி நரம்புகளுக்குள் அது இருந்தது. 1979-ல் லெம்பெக்கும் பீட்டர் ஹோல்சரும், நரம்பு தூண்டப்படும்போது ரத்தக் குழாய் விரிவதற்கும் அதிலிருந்து நீர் கசிவதற்கும் 'பி' காரணம் என்று காட்டினார்கள். 1935-ல் டேல் சொன்ன யோசனைக்கு 44 வருடம் கழித்துப் பலன்.

வலியும் அதன் எதிரியும்

அதே சமயத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் இன்னொரு கண்டுபிடிப்பு. அபின், மார்ஃபின் போன்றவை மூளையில் உட்காருவதற்கென்றே ஏற்பிகள் இருப்பது 1973-ல் தெரிந்தது. கசகசாச் செடியின் பாலுக்காக மனித மூளையில் ஏன் பூட்டு இருக்க வேண்டும்? உடலே அப்படி ஒரு சாவியைச் செய்யாவிட்டால் பூட்டுக்கு வேலை இல்லையே! ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளிலிருந்து 1975-ல் அந்தச் சாவியைப் பிரித்தெடுத்தார்கள். ஐந்தே மணிகள் கொண்ட இரண்டு பெப்டைடுகள். பெயர் என்கெஃபலின். உடல் தானே செய்துகொள்ளும் வலிநிவாரணி.

1977-ல் இந்த இரண்டு கதைகளும் சந்தித்தன. மார்ஃபின் வகை மருந்துகள் எலியின் மூளைத் தண்டுப் பகுதியில் 'பி' வெளியே வருவதைத் தடுக்கின்றன என்று இங்கிலாந்தில் டாம் ஜெசலும் லெஸ்லி ஐவர்சனும் காட்டினார்கள்.

படம் எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது பாருங்கள்! வலி நரம்பில் 'பி' இருக்கிறது. அது வீக்கத்தை உண்டாக்குகிறது. வலியைப் போக்கும் மார்ஃபின் அதை அடக்குகிறது. அப்படியானால் 'பி' என்பதே வலியின் ரசாயனம்தான். பெயரும் அதற்கு ஒத்துப்போகிறது!

மூட்டுவாதத்திலும் ஆதாரம் சேர்ந்தது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவருக்குப் பிறகு முடக்குவாதம் வந்தால், செயலிழந்த பக்கத்து மூட்டுகள் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன என்று மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். நரம்புக்கும் மூட்டு வீக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்கு அது ஒரு தடயம். 1984-ல் ஜான் லெவின் குழுவினர் எலியின் மூட்டுக்குள் 'பி'யைச் செலுத்தினார்கள். மூட்டுவாதம் இன்னும் மோசமானது.

தோற்றுப்போன முதலீடு

இவ்வளவு ஆதாரம் கையில் இருந்தால் எந்த மருந்துக் கம்பெனிதான் சும்மா இருக்கும்? மார்ஃபின் அடிமையாக்கும். ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கும். 'பி' உட்காரும் பூட்டை மட்டும் அடைத்துவிட்டால் பக்க விளைவில்லாத வலி மருந்து ரெடி. உலகம் முழுக்க வலி இருக்கிறது, சந்தைக்குக் குறைவே இல்லை.

அந்தப் பூட்டுக்கு என்.கே.1 ஏற்பி என்று பெயர். 1991-ல் ஃபைசர் கம்பெனி அதை அடைக்கும் முதல் சிறு மூலக்கூறை அறிவித்தது. அடுத்தடுத்துப் பல கம்பெனிகள் தங்கள் மூலக்கூறுகளோடு வந்தன. விலங்குச் சோதனைகளில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்தன.

பிறகு மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். பல் பிடுங்கிய வலி ஒன்றில் கொஞ்சம் பலன் தெரிந்தது. மூட்டு வலி? பலனில்லை. நரம்பு வலி? பலனில்லை. மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி? அதற்கும் பலனில்லை. 2000-ல், 'என்.கே.1 மருந்துகள் மனிதர்களிடம் ஏன் வலியைக் குறைப்பதில்லை' என்று கேட்டு ஒரு ஆய்விதழில் கட்டுரையே வந்துவிட்டது.

என்ன தப்பு நடந்தது? ஒரே வரியில் முடியும் பதில் இன்றும் இல்லை. ஆனால் சில விஷயங்கள் தெளிவு. வலி நரம்பு ஒரே ஒரு ரசாயனத்தை நம்பி இருப்பதில்லை. குளுட்டமேட் என்ற இன்னொரு ரசாயனம்தான் செய்தியை விரைவாகக் கொண்டுபோகிறது. 'பி' அதன் சத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும் பல உதவியாளர்களில் ஒருவர். ஒருவரை நிறுத்தினால் மற்றவர்கள் வேலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதோடு, எலி காலை இழுத்துக்கொள்வதும் ஒரு மனிதர் 'வலிக்கிறது' என்று சொல்வதும் ஒன்றல்ல. எலியிடம் இழுப்பதைத்தான் அளக்க முடியும்.

இந்த முதலீடு முழுசாகவும் வீண் போகவில்லை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் பயங்கரமாக வாந்தி எடுக்க வைக்கும். வாந்திக்குப் பயந்தே சிகிச்சையை விட்டுவிடும் நோயாளிகள் உண்டு. மூளைத் தண்டில் வாந்தியைத் தூண்டும் இடத்தில் 'பி'யும் அதன் பூட்டும் இருக்கின்றன. ஃபெரட் என்ற கீரி போன்ற விலங்குகளில் என்.கே.1 மருந்து வாந்தியை நிறுத்தியது. மனிதர்களிடமும் நிறுத்தியது. 2003-ல் அப்ரெபிடன்ட் என்ற பெயரில் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. வலிக்காகப் போட்ட பணம் வாந்தியில் வரவானது. வலி மட்டும் அப்படியே இருந்தது.

கூடவே இருந்த இன்னொருவர்

எல்லோரும் 'பி'யைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அதே நரம்புகளுக்குள் இன்னொரு பெப்டைடும் உட்கார்ந்திருந்தது. அது கிடைத்த விதமும் எச்சில் கதை மாதிரிதான்.

அமெரிக்காவின் சான் டியேகோவில் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் ரொனால்ட் எவன்ஸும், சூசன் அமாரா போன்ற சக ஆய்வாளர்களோடு சேர்ந்து கால்சிடோனின் என்ற தைராய்டு ஹார்மோனின் மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எலியின் தைராய்டுக் கட்டிகளில் சில, கால்சிடோனின் செய்வதைத் திடீரென்று குறைத்துக்கொண்டன. ஏன் என்று பார்த்தபோது, அதே மரபணுவை வேறு மாதிரி வெட்டி ஒட்டி வேறொரு செய்தியை அவை எழுதிக்கொண்டிருந்தது 1982-ல் தெரிந்தது. ஒரே மூலப்பிரதி, இரண்டு பதிப்பு! அந்த இரண்டாவது செய்தியைப் படித்து, 37 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடு இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணித்தார்கள். 1983-ல் அது நரம்புகளுக்குள் நிஜமாகவே இருப்பதைக் காட்டினார்கள். 'கால்சிடோனின் மரபணு சார்ந்த பெப்டைடு' என்று பொருள்படும் நீளமான ஆங்கிலப் பெயரைச் சுருக்கி சி.ஜி.ஆர்.பி. என்றார்கள்.

அது என்ன செய்கிறது? 1985-ல் லண்டனில் சூசன் பிரெயின் குழுவினர் விடை சொன்னார்கள். மிக மிகக் குறைந்த அளவிலேயே ரத்தக் குழாயை விரிக்கும் பலசாலி அது. மிளகாய்க் கண்ணின் மீதி விடையும் இத்தோடு கிடைத்துவிட்டது. கேப்சைசின் பட்டதும் வலி நரம்பு இரண்டு பெப்டைடுகளையும் கொட்டுகிறது. சி.ஜி.ஆர்.பி. குழாயை விரிக்கிறது, அதனால் கண் சிவக்கிறது. 'பி' குழாயைக் கசிய வைக்கிறது, அதனால் இமை வீங்குகிறது. கேப்சைசின் நரம்பில் உட்காரும் ஏற்பியை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-ல் கண்டுபிடித்தார்கள். 2021-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நோயாளியின் கழுத்திலிருந்து ஒரு சாட்சி

ஒற்றைத் தலைவலி உலகில் சுமார் நூறு கோடிப் பேருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெண்களுக்கு அதிகம். வெளியே காயம் தெரியாது, ஸ்கேனில் எதுவும் வராது. அதனால் 'சாதாரணத் தலைவலி', 'வேலை செய்யாமல் இருக்கச் சாக்கு' என்று சொல்லித் தள்ளிவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ஹார்வர்டின் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் 1979-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். முகத்தின் உணர்ச்சி நரம்பான முக்கிளை நரம்பு, மூளையைச் சுற்றியுள்ள சவ்வின் ரத்தக் குழாய்களுக்கும் போகிறது. அங்கே அது பெப்டைடுகளை விடுவதுதான் ஒற்றைத் தலைவலிக்குக் காரணமாக இருக்கலாம் என்றார். சரி, எந்தப் பெப்டைடு?

ஸ்வீடனின் லார்ஸ் எட்வின்சனும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் கோட்ஸ்பியும் எலியிடம் கேட்பதோடு நிறுத்தாமல் நோயாளியிடமே கேட்டார்கள். ஒற்றைத் தலைவலி தாக்கிக்கொண்டிருக்கும்போதே நோயாளிகளின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து அளந்தார்கள். முடிவு 1990-ல் வெளியானது. சி.ஜி.ஆர்.பி. ஏறியிருந்தது. 'பி' ஏறவில்லை.

அதாவது, 'பி'யை அடைக்கும் மருந்துகள் ஒற்றைத் தலைவலியில் தோற்பதற்குச் சில வருடங்கள் முன்பாகவே, நோயாளிகளின் ரத்தம் கிட்டத்தட்ட விடையைச் சொல்லியிருந்தது!

இதை எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. டென்மார்க்கில் 2005-ல் வெளியான ஒரு ஆய்வில் கழுத்து ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. ஏறவில்லை என்றே வந்தது. ஆனால் அதற்குள் வேறு இரண்டு சாட்சிகள் வந்துவிட்டன. அதே டென்மார்க்கின் யெஸ் ஓலசன் குழுவினர், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு சி.ஜி.ஆர்.பி.யைச் செலுத்தினால் தலைவலி வருகிறது என்று 2002-ல் காட்டியிருந்தார்கள். 2004-ல் அதன் பூட்டை அடைக்கும் ஓல்செஜிபன்ட் மருந்தை நோயாளிகளுக்குச் செலுத்தியபோது 66 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் அது 27 சதவீதம்தான்.

பிறகும் பாதை நேராக இல்லை. மெர்க் கம்பெனி செய்த டெல்கஜிபன்ட் மாத்திரை தலைவலியைக் குறைத்தது, ஆனால் தினமும் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரலில் கோளாறு தெரிந்ததால் 2011-ல் கைவிடப்பட்டது. அதற்குப் பின் வேறு வழி. சி.ஜி.ஆர்.பி.யையோ அதன் ஏற்பியையோ பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடிகளை மாதத்துக்கு ஒரு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். 2018 மே மாதம் எரினுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்காக, அந்த நோயின் செயல்முறையைப் பார்த்தே வடிவமைத்த முதல் வகை மருந்து இது. 2019 டிசம்பரிலிருந்து கல்லீரலைப் பாதிக்காத புது மாத்திரைகளும் வர ஆரம்பித்தன. 2021-ல் மாஸ்கோவிட்ஸ், எட்வின்சன், கோட்ஸ்பி, ஓலசன் நால்வருக்கும் மூளை ஆராய்ச்சிக்கான 'பிரெயின் பரிசு' கிடைத்தது.

வரவு, செலவு

கடைசியில் கணக்குப் பார்த்தால் என்ன நிற்கிறது?

வரவுப் பக்கம்: தலைவலி என்று படுத்துக் கிடந்தவர்களுக்கு, 'இது உங்கள் கற்பனை அல்ல, பெயரும் எடையும் உள்ள ஒரு பொருள்' என்று சொல்ல முடிகிறது. அதற்கு மருந்தும் இருக்கிறது. கீமோதெரபி எடுப்பவருக்கு வாந்தி குறைகிறது. அதிகக் கேப்சைசின் உள்ள பட்டையை ஒட்டி நரம்பு வலியைக் குறைக்கிறார்கள். யான்ச்சோ கண்ட மரத்துப்போதல், 2009-லிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை.

செலவுப் பக்கம்: புது ஊசி எல்லோருக்கும் கேட்பதில்லை. எரினுமாபின் பெரிய சோதனையில், கூடுதல் அளவு போட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. வெறும் ஊசி போட்டவர்களில் அது கால் பங்குக்குச் சற்று மேல். விலையோ, அமெரிக்காவில் அறிமுகமானபோது வருடத்துக்கு 6,900 டாலர். நூறு கோடிப் பேரில் எத்தனை பேரால் அதைக் கொடுக்க முடியும்? மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் 1990-களில் கனவு கண்ட அந்த மருந்து இன்றுவரை வரவில்லை.

பாடம் ஒன்று உண்டு. ஒரு ரசாயனம் வலி நரம்பில் இருப்பதும், வலியை அதுதான் உண்டாக்குகிறது என்பதும் வேறு வேறு. 'பி' விஷயத்தில் ஆதாரங்கள் அத்தனையும் உண்மைதான், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் அவை விலங்குகளிடமிருந்து வந்தவை. வலிப்பவரிடம் போய்க் கேட்பது கடைசியில் நடந்தது. சி.ஜி.ஆர்.பி. விஷயத்தில் அந்தக் கேள்வியை முன்னாலேயே கேட்டுவிட்டார்கள். எலிகள் இல்லாமல் இரண்டு கதையுமே நடந்திருக்காது. ஆனால் எலியோடு நின்ற கதை தோற்றது, நோயாளியின் படுக்கை வரை போன கதை ஜெயித்தது.

அந்த இளைஞர் வான் ஆய்லர் பிறகு நோராட்ரினலின் பற்றிய ஆராய்ச்சிக்காக 1970-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய பழைய பொடியின் மணி வரிசை தெரிந்தது அதற்கு அடுத்த வருடம்தான்.

'பி' என்றால் வலி என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். இல்லை, பொடி. வெறும் பொடி.